அரண்மனைப் படத்தில் ஒரு பச்சைக் கதவு

பனி உருகத் தொடங்கியிருந்த ஒரு மதியம். என் பேஸ்மென்ற் ஸ்டூடியோவின் மரப்படிகளில் யாரோ இறங்கி வந்தார்கள். ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து, மூச்சு வாங்கி, பிறகு அடுத்த படி.

முதலில் உப்புக்கறை படிந்த ஒரு சோடி பூட்ஸ் தெரிந்தது. பிறகு சாம்பல் நிறக் கோட்டு. பிறகு நெஞ்சோடு அணைத்திருந்த ஒரு தகரப் பெட்டி. கடைசியாகத்தான் முகம் வந்தது. எழுபதைத் தாண்டிய ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. உதட்டுச்சாயம் மட்டும் இருபது வயதுக்காரியுடையது.

"தமிழ்க் கல்யாணங்களைப் படம் பிடிக்கிறவர் நீங்கள்தானே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவருக்கும் எனக்கும் ஆங்கிலம் ஒரே அளவுதான் தெரிந்திருந்தது. அதனால் நாங்கள் நன்றாகப் பேசிக்கொண்டோம்.

"ஓம்" என்றேன். பதற்றத்தில் தமிழில் வந்துவிட்டது.

"என் கணவர் வரைந்த ஆறு உங்களிடம் இருக்கிறது என்றார்கள். அதைப் பார்க்க வந்தேன்."

என்னிடம் ஆறு ஏது? என்னிடம் இருந்தவை இரண்டு வீடியோ டெக், ஒரு எடிட்டிங் மெசின், அலுமாரி நிறையக் கசெற்றுகள். கதிரையில் குவிந்திருந்த கசெற்றுகளை நிலத்துக்கு மாற்றி அவரை உட்காரச் சொன்னேன். அவர் தகரப் பெட்டியைத் திறந்தார். கசகசா வைத்து உருட்டிய கேக். அறை முழுக்க வெண்ணெயும் எலுமிச்சையும் மணத்தன.

"ஹங்கேரியன் ஹோல்" என்றார். "மேடையில், பின்னால்."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. அதோடு அவர் முகத்தைப் பார்ப்பதை விட்டுக் கேக்கைப் பார்க்கத் தொடங்கினேன். ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்த வாரக் கதை.

அரண்மனை இருக்கிற ஹோல்

அந்த ஆண்டுகளில் எங்களுக்கென்று கல்யாண மண்டபம் ஒன்றும் ரொறன்ரோவில் இருக்கவில்லை. மற்றச் சனங்களின் மண்டபங்களில்தான் எங்கள் பிள்ளைகள் மணமுடித்தார்கள். நகரத்தின் மேற்குப் பக்கம் இருந்த ஹங்கேரியன் ஹோலுக்குச் சனத்திடம் தனி மவுசு. காரணம் அதன் மேடையில் தொங்கிய சீன். நாடகக்காரர்கள் சீன் என்று சொல்கிறார்களே, அந்தப் பின்திரைதான்.

அகலமான ஒரு ஆறு. அக்கரையில் மஞ்சள் ஜன்னல்களோடு ஒரு அரண்மனை. இக்கரையில் ரோசாச் செடிகள், கல் மதில். கப்பியில் துரு ஏறி மாட்டிக்கொண்டதால் அதை ஒருவராலும் மேலே தூக்க முடியாது. அதனால் அங்கே நடந்த எல்லாத் தமிழ்க் கல்யாணங்களும் அந்த ஆற்றங்கரையில்தான் நடந்தன.

"வீடியோ அண்ணை, அரண்மனை முழுக்க வரவேணும், என்ன?" என்று மாப்பிள்ளை வீட்டார் வந்து சொல்லிவிட்டுப் போவார்கள். ஊரில் இருந்தவர்கள் கசெற்றைப் பார்த்துவிட்டு, கனடாவில் இப்படி ஆறும் அரண்மனையும் இருக்கிற இடத்தில் பிள்ளை மணமுடித்ததாக நம்பினார்கள். யாரும் திருத்தப் போகவில்லை.

அந்த ஹோலுக்கு ஒரு வாசம் உண்டு. குசினியில் அவர்கள் முட்டைக்கோவாவும் சிவப்பு மிளகுத்தூளும் போட்டுக் கொதிக்கவைத்த இறைச்சியின் வாசம் சுவரில் ஊறியிருந்தது. அதன்மேல் எங்கள் சாம்பிராணியும் வடை எண்ணெயும் ஏறும். இன்றைக்கும் எங்காவது அந்தக் கலவை மூக்கில் பட்டால் என் கை தானாகக் கமராவைத் தேடுகிறது.

பிறகு ஒரு குளிர்காலத்தில் ஹோலின் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்தது. மேலேயிருந்து கொட்டிய தண்ணீரில் ஆறும் அரண்மனையும் கரைந்து மேடையில் நிறச் சேறாகக் கிடந்தனவாம். நான் போய்ப் பார்க்கவில்லை. அதன்பின் சனம் வேறு ஹோல்களுக்கு மாறிவிட்டது.

கரைந்து போனதை வரைந்தவரின் மனைவிதான் என் முன்னால் கேக் வெட்டிக்கொண்டிருந்த ஈலோனா.

எங்கள் ஆளின் ஒப்பரெட்டா

அந்தச் சீன் எங்கள் கல்யாணங்களுக்காக வரையப்பட்டதல்ல. அது ஒரு ஒப்பரெட்டாவுக்கானது. பாட்டும் பேச்சும் பகிடியும் சோடியாகச் சுழலும் வோல்ட்ஸ் நடனமும் கலந்த மேடை நாடகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் பெயரை எழுதப்போவதில்லை. ஈலோனா எத்தனையோ தரம் சொல்லித் தந்தும் என் நாக்கு பாதி வழியில் தடுக்கி விழும். இசையமைத்தவர் ஹங்கேரிக்காரர். ஈலோனா அவரை எப்போதும் "எங்கள் ஆள்" என்றுதான் குறிப்பிடுவார், ஏதோ அடுத்த தெருவில் இருக்கிறவர் மாதிரி.

கதை சின்னது. ஆற்றங்கரைப் பண்ணை வீட்டுப் பெண் ஒருத்திக்கு ஒரு இராணுவ அதிகாரியைப் பேசி முடிக்கிறார்கள். கல்யாணத்துக்கு முதல் நாள் தோட்டத்தில் விருந்து. மதிலுக்கு அப்பால், ஓடத்தில் இருந்தபடி ஒருவன் பாடுகிறான். தோட்டத்தின் மூலையில் ஒரு பச்சைக் கதவு. அவள் போவாளா, இருப்பாளா?

இந்தக் கேள்விக்கு மேடை ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொரு பதில் சொல்லியிருக்கிறது. அதை ஈலோனா சொல்லிக் கேட்கவேண்டும். எச்சில் விரலால் கேக் துகள்களை ஒற்றி எடுத்தபடி சொன்னார்.

முதன்முதலில் புடாபெஸ்ற்றில், முதலாவது பெரிய யுத்தத்துக்குக் கொஞ்சம் முந்தி. எங்கள் ஆள் எழுதியபடியே கடைசியில் பெண் கதவைத் திறந்து போய்விடுகிறாள். மேடையில் ஒருவரும் இல்லை. சனம் இன்னொரு அங்கம் இருக்கிறது என்று நினைத்துக் கதிரையை விட்டு எழும்பவில்லை. கதவடியில் நின்ற பணியாட்கள் வந்து, முடிந்துவிட்டது, வீட்டுக்குப் போங்கள் என்று சொல்லவேண்டி வந்ததாம்.

அடுத்து வியன்னா. அங்கே ஒரு நாடக முதலாளி, கல்யாணம் இல்லாத ஒப்பரெட்டாவுக்கு யார் வருவான் என்று கேட்டு, கதவைச் சாத்திவிட்டார். பெண் திரும்பி வருகிறாள், அதிகாரியே நல்லவனாகிவிடுகிறான், தோழிக்கும் சமையற்காரிக்கும்கூடச் சோடி கிடைக்கிறது, எல்லாரும் வோல்ட்ஸ் ஆடுகிறார்கள். உலகமெல்லாம் போனது இந்த வியன்னா முடிவுதான்.

இரண்டாவது யுத்தத்துக்குப் பிறகு ஆட்சி மாறியது. புதிய அரசு பண்ணைக்காரரை வில்லனாக்கியது. கடைசிக் காட்சியில் கதவு திறக்கும், ஆனால் பெண் வெளியே போவதற்கு இல்லை. ஊர்ச் சனம் உள்ளே வருவதற்கு. "கைகளில் மண்வெட்டியோடு வோல்ட்ஸ் ஆடினோம்" என்றார் ஈலோனா. "நான் அப்போது பின்வரிசையில். என் மண்வெட்டி மிகவும் பாரம்."

பிறகு தெருவுக்குச் சோவியத் டாங்கிகள் வந்தன. ஈலோனாவும் கணவர் லாஸ்லோவும் பியானோக்காரர் இம்ரேயும் எல்லையைக் கடந்து ஓடினார்கள். இசைப் புத்தகத்தைப் பிரித்து மூன்று கோட்டுகளின் உள்துணிக்குள் வைத்துத் தைத்திருந்தார்கள். இம்ரே ஒரு வாய்க்காலில் விழுந்ததில் இரண்டாவது அங்கம் ஊறிப் போனது. ரொறன்ரோவில் இரண்டாவது அங்கத்தை ஞாபகத்திலிருந்துதான் பாடினார்களாம். ஆளுக்கொரு ஞாபகம்.

லாஸ்லோ பகலில் இந்த நகரத்து வீடுகளுக்கு வர்ணம் பூசினார். மிஞ்சிய வர்ணத்தை டப்பா டப்பாவாகக் கொண்டுவந்து, படுக்கை விரிப்புகளை இணைத்துத் தைத்து, அந்த ஆற்றை வரைந்தார். அரண்மனையின் மஞ்சள் யாரோ ஒருவரின் குசினி மஞ்சள். ஆற்றின் நீலம் யாரோ ஒரு பிள்ளையின் அறை. சில வருடங்களுக்கு ஒரு தரம் அதே ஹோலில் ஒப்பரெட்டா போட்டார்கள். ஈலோனாதான் கதாநாயகி, ஐம்பது வயது தாண்டும்வரை. முடிவு எப்போதும் வியன்னா முடிவுதான்.

"எங்களுக்குத் துக்கம் ஏற்கெனவே போதுமானதாக இருந்தது. எல்லாரும் ஒரு கல்யாணத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போக விரும்பினார்கள்" என்றார்.

சண்டை

லாஸ்லோ காலமாகிவிட்டார். இப்போது ஈலோனா கடைசியாக ஒரு தரம் அதை மேடையேற்றப் போகிறார். தான் பாடுவதற்கல்ல, பாடுகிற இளம்பெண்ணுக்குச் சொல்லிக் கொடுத்து. இந்த முறை எங்கள் ஆள் எழுதிய முதல் முடிவு வேண்டும் என்கிறார். இம்ரே மறுக்கிறார்.

"லாஸ்லோவே கதவை மூடித்தானே வரைந்தான்" என்பது இம்ரேயின் வாதம். "அவன் விரும்பியது கல்யாணம். நான் எத்தனை வருடம் பியானோவில் இருந்து அந்தக் கதவைப் பார்த்திருக்கிறேன்."

"திறந்துதான் வரைந்தார்" என்பது ஈலோனாவின் வாதம். வரைந்து முடித்த அன்று லாஸ்லோ கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாராம், "நீ பாடுகிற பெண் போய்விட்டாள்" என்று. மூடிய கதவுக்குள்ளால் எப்படிப் போவது?

புதுச் சீன் பழையதைப் போலவே வரையப்படும், கதவு எப்படியோ முடிவும் அப்படி என்று அவர்களுடைய கமிற்றி தீர்த்துவிட்டது. அவர்களிடம் இருந்த பழைய படங்களில் பாடுகிறவர்களின் முகங்கள்தான் பெரிதாக இருந்தன. கதவு இருந்த இடது மூலையில் எப்போதும் பின்பாட்டுக்காரர்கள் வரிசையாக நின்றார்கள்.

"நாற்பது வருடம் அந்த மனிதரோடு வாழ்ந்தேன்" என்றார் ஈலோனா. "அவர் எனக்காக என்ன வரைந்தார் என்று எனக்குத் தெரியவில்லை என்றால், பிறகு எனக்கு என்னதான் தெரியும்?"

அவர் போனபிறகு ஒரு கிழமை நான் வேறு வேலை பார்க்கவில்லை. அந்த ஹோலில் எடுத்த கல்யாணங்களை ஒவ்வொன்றாகப் போட்டு ஓடவிட்டேன். இடது மூலையில் ஒன்றில் வாழைமரம். இன்னொன்றில் பிள்ளையார். மற்றொன்றில் மாப்பிள்ளையின் மாமாமார், கைகட்டி, படம் முடியும்வரை அசையாமல். இவை எதுவும் இல்லாத இடத்தில் நானே ரோசாப்பூ எஃபெக்ற் போட்டு மூடியிருந்தேன். அந்தக் காலத்து என் ரசனை அப்படி.

ஆனால் தேடும்போதே எனக்குத் தெரியும், கதவு எந்தக் கசெற்றில் இருக்கிறது என்று. முதல் நாளே தெரியும், அது திறந்திருந்ததா மூடியிருந்ததா என்பதுதான் நினைவில் இல்லை. ஈலோனாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் போனது அந்தக் கசெற்றால்தான்.

நான் செய்த களவு

வாசுகியின் கல்யாணம் மூன்று வருடத்துக்கு முன், கடும் பனி கொட்டிய ஒரு நாளில் நடந்தது. மணவறைச் சோடனை ஏற்றிய வான் நெடுஞ்சாலையில் மாட்டிக்கொண்டது. பாதிச் சோடனைதான் வந்து சேர்ந்தது. மேடையின் இடது பக்கம் வெறுமையாகக் கிடந்தது.

தாலிகட்டு நேரம். வீடியோக்காரனுடைய சீவனே அந்த ஒரு நிமிடத்தில்தான் இருக்கிறது. மற்றதெல்லாம் பிழைத்தாலும் மன்னிப்பார்கள். நான் கதிரையில் ஏறி நின்றேன். ஐயர் கையை உயர்த்தினார். அந்த நேரம் பார்த்து முன்வரிசை அன்ரிமார் எல்லாரும் அரிசியும் பூவுமாக எழும்பி மேடையைச் சூழ்ந்துகொண்டார்கள். என் லென்சுக்குள் கடுகு நிறக் காஞ்சிபுரம் ஒன்று, பச்சை ஒன்று, யாரோ ஒருவரின் முழங்கை.

இடைவெளி வரும் என்று கமராவைக் கொஞ்சம் மேலே தூக்கினேன். ஆறு தெரிந்தது. அதிகாலை இரண்டு மணிக்கு எழும்பிய உடம்பு. அந்த ஆறு அசைவது போல இருந்தது. கமராவை மெல்ல இடது பக்கம் கொண்டுபோனேன். ஒரு மதில். மதிலில் ஒரு கதவு. ஏன் என்று தெரியாது, கிட்டக் கிட்டப் போனேன். யாரோ என் முதுகில் தட்டி "முடிஞ்சுது அண்ணை" என்றபோதுதான் எனக்கு நினைவு வந்தது.

தாலி ஏறிவிட்டது. நான் கதவைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இன்னொரு கல்யாணத்துக் கசெற்றில் இருந்து ஒரு கிட்டப்படம் எடுத்தேன். ஒரு பெண்ணின் பிடரி, தாலிக்கொடியைப் பூட்டுகிற இரண்டு கைகள். முகம் இல்லை. அதை வாசுகியின் கல்யாணத்துக்குள் வெட்டி ஒட்டி, மேலே ஒரு நாதஸ்வரத்தை ஓடவிட்டேன். ஒரு இதய வடிவத்தில் திறந்து, ஒரு இதய வடிவத்தில் மூடினேன். ஒருவருக்கும் தெரியவில்லை.

வாசுகியின் தாய் யாழ்ப்பாணத்தில் இருந்தா. யுத்தம், வர வழியில்லை. கசெற் கொழும்பு போய், கை மாறி, மாதங்கள் கழித்து அவவிடம் போய்ச் சேர்ந்தது. கரண்ட் இல்லாத ஊரில் ஜெனரேட்டர் பிடித்து, ரீவி இரவல் வாங்கி, அயலெல்லாம் கூடியிருந்து பார்த்தார்களாம். தாலி ஏறுகிற இடத்தில் தாய் எழும்பி நின்று இரண்டு கையையும் தலைக்குமேல் கூப்பினாவாம். வாசுகி இதை எனக்கு ஒரு கடையில் கண்டு சந்தோசமாகச் சொன்னபோது நான் பால் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று நினைவில்லை.

ஒரு தாய் யாரோ ஒருவரின் கைகளைக் கும்பிட்டிருக்கிறா. அதைச் செய்தவன் நான்.

டோர்செட் பார்க்

வெட்டாத மூலக் கசெற் என்னிடம் இல்லை. "எங்கடை கல்யாணக் கசெற் எல்லாம் எங்களிட்டைத்தான் இருக்கவேணும்" என்று வாசுகி அப்போதே வாங்கிப் போய்விட்டாள். அது ஸ்டூடியோ டெக்கில் மட்டும் ஓடுகிற வகை. வீட்டு டெக்கில் போட்டால் கோடுகோடாக நெளியும். அந்தத் தைரியத்தில்தான் கொடுத்தேன்.

டோர்செட் பார்க்கில் அவர்களுடைய மாடிக்கட்டடத்தின் லிப்ற் முன்னால் நின்று ஒரு பொய்யைத் தயார் பண்ணினேன். கசெற்றுக்குப் பூஞ்சணம் பிடிக்கும், துடைத்துத் தருகிறேன் என்று. ஒன்பதாம் மாடிக்குப் போவதற்குள் பொய் கரைந்துவிட்டது. ஈலோனாவின் முகம் வந்து நின்றது.

வாசுகி பிள்ளைக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்தாள். கணவன் குகன் வேலைக்குப் போயிருந்தான். அவன் ஒரு ரெஸ்ரோறன்ற் குசினியில் வேலை. நான் சப்பாத்தைக் கழற்றாமலே வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். கதவு, அன்ரிமார், வேறு கைகள், எல்லாம்.

அவள் பிள்ளையின் வாயைத் துடைத்தாள்.

"தெரியும் அண்ணை" என்றாள்.

"என்ன பிள்ளை?"

"முதல் நாள் போட்டுப் பாக்கேக்கையே தெரியும். குகன்ரை கையிலை எண்ணெய் பட்ட தழும்பு இருக்கு, மணிக்கட்டிலை. உந்தப் படத்திலை அந்தக் கை மொழுமொழு எண்டு இருக்கு. நான் என்ரை மனுசன்ரை கையை அறியமாட்டனோ?"

"பிறகேன் ஒண்டும் கேக்கேல்லை?"

"கேக்கத்தான் இருந்தனான். அதுக்கிடையிலை கசெற் கொப்பி அம்மாவுக்குப் போயிட்டுது. அவ பாத்துக் கும்பிட்டு, ஊருக்கெல்லாம் சொல்லி முடிஞ்சுது. இனி அவவுக்கு எப்பிடிச் சொல்லுறது, அது நான் இல்லை எண்டு?" சோற்றுக் கோப்பையை மேசையில் வைத்தாள். "உங்களிலை எனக்குச் சரியான கோவம் அண்ணை. இப்பவும் இருக்கு."

"இருக்கத்தானே வேணும்" என்றேன்.

அவள் அலுமாரிக்குள் இருந்து கசெற்றை எடுத்து வந்தாள். நான் கையை நீட்டினேன். தரவில்லை.

"நானும் வாறன். என்ரை கசெற்தானே."

இரண்டு நிமிடம்

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் என் பேஸ்மென்றில் நான்கு பேர். ஈலோனா, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு இம்ரே, வாசுகி, நான். ஈலோனா கேக் கொண்டுவந்திருந்தார். வாசுகி வடை கொண்டுவந்திருந்தாள். ஒருவரும் சாப்பிடவில்லை.

கசெற் ஓடத் தொடங்கியது. கடுகு நிறப் பட்டு. பச்சைப் பட்டு. முழங்கை. பிறகு படம் மெல்ல மேலே எழும்பியது. மஞ்சள் ஜன்னல்கள். ஆறு. ஈலோனாவின் கை என் தோளைப் பிடித்தது. மதில். மதிலில் கதவு.

"மூடியிருக்கிறது" என்றார் இம்ரே.

மூடித்தான் இருந்தது. பச்சைக் கதவு, இறுக்கமாக. இம்ரேயின் குரலில் வெற்றி இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. அவர் ஈலோனாவின் பக்கம் திரும்பவே பயப்பட்டார்.

மூன்று வருடத்துக்கு முந்திய என் விரல் படத்தை இன்னும் கிட்டக் கொண்டுபோயிற்று. கதவு திரையை நிறைத்தது. கதவின் அடியில், நிலத்தோடு, ஒரு சின்ன நீலம்.

ஈலோனா எழும்பிப் போய் ரீவியின் கண்ணாடியில் விரலை வைத்தார்.

"சால்வை" என்றார். "என் சால்வை."

மூன்றாம் அங்கத்தில் கதாநாயகி போர்த்தியிருப்பது நீலச் சால்வையாம். அதன் நுனி மூடிய கதவுக்கடியில் சிக்கியிருந்தது. அவள் ஏற்கெனவே போய்விட்டாள். கதவு அவளுக்குப் பின்னால் சாத்திக்கொண்டுவிட்டது. அதைத்தான் லாஸ்லோ வரைந்திருந்தார். மேடையில் எல்லாரும் கல்யாண வோல்ட்ஸ் ஆடிக்கொண்டிருக்க, பின்னால் மூலையில் அவள் வருடக்கணக்காகப் போய்க்கொண்டே இருந்திருக்கிறாள். இம்ரே இருந்த தூரத்துக்கு அந்தத் துணி தெரியாது. ஈலோனா பாடுகிறவர். அவர் பார்த்தது எப்போதும் சனத்தைத்தான். அவருடைய முதுகு மட்டும்தான் அந்தக் கதவைப் பார்த்தது.

இம்ரே மூக்கைச் சீறினார். "லாஸ்லோ" என்று ஏதோ தங்கள் மொழியில் திட்டினார். திட்டு என்பது விளங்கியது.

அப்போதுதான் வாசுகியைப் பார்த்தேன். அவள் படத்தைப் பார்க்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

நான் மறந்தே போயிருந்த ஒரு விசயம். மந்திரம் தெளிவாக வரவேண்டும் என்று ஐயரின் சால்வையில் ஒரு சின்ன மைக்கைக் குத்தியிருந்தேன். படம் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாலும், சத்தம் மணவறையிலேயே நின்றிருக்கிறது. "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்று ஐயர். ஹோலில் கசெற்றிலிருந்து ஒலித்த நாதஸ்வரம். அதற்குள்ளே, மிகக் கிட்ட, ஒரு ஆண் குரல்.

"கொஞ்சம் பொறும். கொளுக்கி மாட்டுப்படுதில்லை."

பிறகு ஒரு பெண் குரல், சிரிப்பும் அழுகையும் கலந்து.

"ஆறுதலாப் பூட்டுங்கோ. நான் ஒரு இடமும் போகேல்லை."

வாசுகி வாயைப் பொத்திக்கொண்டாள். "நான் உப்பிடிச் சொன்னனானே?" என்றாள். "எனக்கு ஞாபகமே இல்லை அண்ணை. சத்தியமா ஞாபகமே இல்லை."

"இன்னொரு தரம்" என்றார் ஈலோனா.

"இன்னொருக்காப் போடுங்கோ" என்றாள் வாசுகி.

ரிவைண்ட் பண்ணிப் பண்ணி எத்தனை தரம் ஓடவிட்டேன் என்று எண்ணவில்லை. ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருத்தி கேட்டுக்கொண்டிருந்தாள். என் வாழ்க்கையில் நான் எடுத்த மிக மோசமான இரண்டு நிமிடம் அது. அன்று அதைத் தவிர வேறு எதுவும் எடுக்காமல் விட்டிருந்தாலும் பரவாயில்லை என்று தோன்றியது.

போகும்போது வாசுகி சொன்னாள். "இதை மட்டும் தனியா ஒரு கொப்பி அடிச்சுத் தாங்கோ. அம்மாவுக்கு அனுப்பவேணும். நடந்ததையும் எழுதப்போறன்."

மேடை

இலை துளிர்க்கும் காலத்தில் ஒப்பரெட்டா மேடையேறியது. புதுச் சீனைப் பலர் சேர்ந்து வரைந்திருந்தார்கள். ஆறு கொஞ்சம் கோணல். கதவின் அடியில் மட்டும் வர்ணம் பூசவில்லை. ஈலோனாவின் பழைய சால்வையில் ஒரு துண்டை வெட்டி ஊசியால் குத்தியிருந்தார்கள்.

படம் எடுக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். வாசுகியும் குகனும் பிள்ளையோடு பின்வரிசையில். கடைசிப் பாட்டைப் பாடிவிட்டு அந்த இளம்பெண் இருட்டுக்குள் போனாள். வெளிச்சம் கதவில் மட்டும் நின்றது. பிறகு ஒன்றும் நடக்கவில்லை. சனம் அசையாமல் இருந்தது, இன்னொரு அங்கம் இருக்கிறதென்று. புடாபெஸ்ற்றில் முதல் நாள் நடந்தது போலவே. இம்ரே எழும்பிப் பியானோ மூடியைச் சாத்திய சத்தத்துக்குப் பிறகுதான் கைதட்டல் வந்தது.

குகனின் மடியில் இருந்த பிள்ளை மட்டும் முன்னமே கைதட்டியிருந்தது. அதுவும் கசெற்றில் இருக்கிறது.

பதில்

தாயின் கடிதம் வர அடுத்த பனிக்காலமாகிவிட்டது. கொப்பித் தாளில், இருபக்கமும் நெருக்கி எழுதியது. வாசுகி அதைத் தூக்கிக்கொண்டு என் பேஸ்மென்றுக்கு வந்தாள். கோட்டைக் கழற்றாமலே வாசித்தாள். அந்தப் பகுதியை நான் பிறகு எழுதி வைத்துக்கொண்டேன்.

"நீ எழுதித்தான் நான் அறியவேணுமோ? நான் பெத்த பிள்ளையின்ரை பிடரியிலை மச்சம் எங்கை இருக்கெண்டு எனக்குத் தெரியாதோ? முதல் நாளே கண்டுட்டன். அவ்வளவு சனத்துக்கு முன்னாலை என்ன செய்யிறது? ஆர் பெத்த பிள்ளையோ, அதுவும் நல்லா இருக்கட்டும் எண்டு அந்தப் பிள்ளைக்கும் சேத்துத்தான் கும்பிட்டனான். வீடியோத் தம்பியை ஏசாதை."

நான் மெசினுக்குப் பக்கமாகத் திரும்பி எதையோ துடைத்துக்கொண்டிருந்தேன். எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. மூன்று வருடமாக ஒருவருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான் ஒருத்தன்தான்.

"இன்னும் இருக்கு அண்ணை" என்றாள் வாசுகி.

"இந்த முறை உன்ரை குரலைக் கேட்டன். எனக்கு அது போதும். ஒண்டு மட்டும் விளங்கேல்லை. படத்திலை ஒரு கதவுக்குள்ளாலை ஆரோ ஒரு பிள்ளை போயிருக்கு, நீலத் துணி கதவுக்கை ஆப்பிட்டுக் கிடக்கு. தனியப் போன பிள்ளை போல கிடக்கு. அது சுகமாப் போய்ச் சேந்துட்டுதோ? விசாரிச்சு எழுது."

அந்த ஒப்பரெட்டாவை எத்தனை நாட்டில் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள். முடிவை எத்தனை தரம் மாற்றிச் சண்டை பிடித்திருப்பார்கள். கதவுக்கு அப்பால் போனவள் போய்ச் சேர்ந்தாளா என்று யாராவது கேட்டார்களா?

அன்று பின்னேரமே இரண்டு பேரும் தண்டவாளத்தில் ஓடும் ஸ்றீற்காரில் ஏறி ஈலோனா வீட்டுக்குப் போனோம். கடிதத்தை வாசுகி மெல்ல மெல்ல ஆங்கிலத்தில் சொன்னாள். முடிந்ததும் ஈலோனா எழும்பிக் குசினிக்குள் போனார். தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது உதட்டுச்சாயத்தைப் புதிதாகப் பூசியிருந்தார்.

"உன் அம்மாவுக்கு எழுது" என்றார். "சுகமாகப் போய்ச் சேர்ந்துவிட்டாள். வழியில் இரண்டாவது அங்கம் மட்டும் நனைந்துபோனது."

வாசுகி அங்கேயே, ஈலோனாவின் சாப்பாட்டு மேசையில் இருந்து அதை எழுதினாள்.